பாட்டிலில் உண்டு, சக்கரத்தில் இல்லை

சென்ற மாதம் என் பேத்தியின் கயாக் வண்டிச் சக்கரம் பஞ்சர் ஆனது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கயாக் என்பது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான படகு. கோவளம், முட்டுக்காடு பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். அதை மணலில் தூக்கிக்கொண்டு நடப்பது சிரமம் என்பதால் இரண்டு சக்கர வண்டியில் வைத்து இழுத்துப் போகிறார்கள். சைக்கிள் சக்கரம் போல மெலிதாக இருந்தால் மணலில் புதைந்துவிடும். ஆகவே இதற்குப் பலூன் போல உப்பிய, விரலால் அழுத்தினால் அமுங்கும் சக்கரம். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டுக்குக் குறையாமல் காற்று அடிக்கிறோம். இதில் இரண்டு, மூன்று பவுண்டு போதும். உள்ளே ட்யூப் கிடையாது. மேல் தோலேதான் ட்யூப்.

அதில் ஒரு சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. விற்ற கடையில் கேட்டோம். "இதுக்கெல்லாம் ஒட்டு கிடையாது சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். ஒரு சக்கரம் தனியாகத் தர மாட்டார்களாம், ஜோடியாகத்தானாம். அந்த விலை என் ஒரு மாத மருந்துச் செலவைவிட அதிகம். ஊசி நுழையும் ஓட்டைக்கு!

எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். தண்ணீர்த் தொட்டியில் முக்கப் பார்த்தார். பந்து மாதிரி மேலே துள்ளியது. பிறகு சோப்பு நுரையைத் தடவி, குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டார். ரப்பர் சொல்யூஷனை எடுத்தவர், சக்கரத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். "இது ரப்பர் இல்ல சார். இதுல இந்தப் பேட்ச் நிக்காது. என்ன பிளாஸ்டிக்னு தெரிஞ்சா அதுக்கேத்த பசையைச் சொல்லலாம்" என்றார். காசும் வாங்கவில்லை. கோட்டு போட்ட கடைக்காரர் சொல்லாத உண்மையை அவர் ஒரு நிமிடத்தில் சொன்னார்.

என்ன பிளாஸ்டிக்? சக்கரம் முழுதும் தேடினேன். கம்பெனி பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. எவ்வளவு எடை தாங்கும் என்று இருக்கிறது. எதனால் செய்தது என்று மட்டும் இல்லை. மின்னஞ்சல் அனுப்பி அந்த ஒரு வார்த்தையைக் கேட்டேன். பஞ்சருக்கு உத்தரவாதம் பொருந்தாது, சக்கரத்தை மாற்றவும் என்று பதில் வந்தது. நான் உத்தரவாதமா கேட்டேன்?

இப்போது உங்கள் பக்கத்தில் உள்ள தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அடியில் ஒரு முக்கோணம், நடுவே 1 என்ற எண். பெட் என்ற பிளாஸ்டிக் என்று பொருள். எண் 3 என்றால் பி.வி.சி. 1988இல் அமெரிக்காவில் ஆரம்பித்த பழக்கம் இது. அரை மணி நேரத்தில் குப்பைக்குப் போகிற பாட்டிலில் அதன் குலம் கோத்திரம் அச்சிடப்பட்டிருக்கிறது. பல வருடம் உழைக்க வேண்டிய சக்கரத்தில் இல்லை. அச்சு வார்ப்பில் மூன்று எழுத்து சேர்க்க என்ன செலவாகிவிடும்? சொன்னால் ஒட்டிவிடுவோம், ஒட்டினால் வாங்க மாட்டோம். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு வகை. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சக்கரம் அந்த நான்கில் எதிலும் அடங்காது.

முப்பத்தோரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவன் நான். மொட்டைமாடிக்குப் போனேன். செம்புக் கம்பியை ஸ்பிரிட் விளக்கில் நிறம் எதுவும் வராத வரை பழுக்கக் காய்ச்சினேன். சக்கரத்தின் வார்ப்பு விளிம்பில் பிதுங்கியிருந்த பிசிறைப் பிளேடால் மயிரளவு சீவி, சூடான கம்பியில் ஒட்டவைத்து மறுபடி தீயில் காட்டினேன். சுடர் பச்சையாக எரிந்தது. அப்படியென்றால் குளோரின் இருக்கிறது. மிருதுவான இந்த ஜாதிச் சக்கரத்தில் குளோரின் என்றால் பி.வி.சி. பாலியூரித்தேனாக இருந்தால் பச்சை வந்திருக்காது, பசையும் வேறு. (வீட்டில் செய்கிறவர்கள் திறந்த வெளியில் செய்யுங்கள். அந்தப் புகை ஆகாது.)

பிறகு சுலபம். குழந்தைகளின் காற்றடைத்த நீச்சல் தொட்டிக்கு விற்கும் வினைல் பசையும், அதனுடன் வரும் ஒட்டுத் துண்டும் போதும். குழாய்க்குப் போடும் பி.வி.சி. பசையைத் தொடாதீர்கள். அது கல்லாக இறுகி, சக்கரம் அமுங்கும்போது வெடித்துவிடும். காற்றை முழுதும் இறக்கி, உப்பும் எண்ணெயும் போக ஸ்பிரிட்டால் துடைத்து, வட்டமாக வெட்டிய துண்டை ஒட்டி, மேலே 'ஹிந்து' பேப்பர் கட்டை ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டேன். காற்று கைப் பம்பில்தான். பெட்ரோல் பங்கில் அடித்தால் ஒட்டு மட்டுமல்ல, சக்கரமே போய்விடும்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா, வாங்கித் தொலைக்கலாமே" என்றார் நடைப்பயிற்சி நண்பர். எல்லாவற்றையும் ஒட்டலாம் என்று நானும் சொல்லவில்லை. இணைப்புத் தையலே பிளந்திருந்தால் நானே குப்பையில் போட்டிருப்பேன். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது சக்கரத்தைப் பார்த்தவன். பார்க்காமலே "மாற்றவும்" என்று எழுதுகிறவன் அல்ல. அப்படி எழுதியே பஞ்சர் கடைக்காரரின் கையையும் கட்டிவிடுகிறார்கள்.

நான்கு வாரம் ஆகிறது, காற்று நிற்கிறது. வெயிலில் விடும் முன் கொஞ்சம் காற்றை இறக்கிவிடு என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். பஞ்சர் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் மார்க்கர் பேனாவை என்னிடமே நீட்டினார். இரண்டு சக்கரத்தின் உள்பக்கமும் 'பி.வி.சி.' என்று எழுதி வைத்தேன்.