மருந்து தெளிப்பவர் 'பணியாளர்'. களை எடுப்பவர் யார்?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இவை ஆலைகளுக்கும் கம்பெனிகளுக்கும்தான் என்று விவசாயிகள் ஒதுங்கிவிட முடியாது. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும், சில வேலைகளில் அவர் சட்டப்படி உங்கள் பணியாளர்.

பி.எப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றுக்கு ஆள் கணக்கு உண்டு. பி.எப்.புக்கு 20 பேர், இ.எஸ்.ஐ.க்கு பொதுவாக 10 பேர். ஆனால் விபத்து இழப்பீட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. அங்கே செய்யும் வேலையைத்தான் பார்க்கிறார்கள். டிராக்டர் ஓட்டுதல், இயந்திர அறுவடை, கதிரடித்தல், ஆழ்துளைக் கிணறு வேலை, பூச்சிமருந்து தெளித்தல் ஆகியவை சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் இரண்டாம் அட்டவணையில் உள்ளன. 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்து வந்த பட்டியல் இது. அன்றாடக் கூலி என்பதாலேயே ஒருவரை விலக்க முடியாது. அந்த விலக்கு 2000-ம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கப்பட்டது.

தொகை எவ்வளவு வரும்? மாதம் 12,000 ரூபாய் கூலி பெறும் 40 வயதுக்காரர் வேலையின்போது இறந்தால், கூலியில் பாதியை 184.17-ஆல் பெருக்க வேண்டும். 11 லட்சத்துக்கும் மேல் வரும். இரண்டு ஏக்கர் விவசாயிக்கு அது நிலத்தையே விற்கும் தொகை.

 நிலத்தில் பயிர் செய்யும் வேலையும் அட்டவணையில் இருப்பதால், கையால் களை எடுப்பவரும் நாற்று நடுபவரும் அதில் அடங்குவர். காலையில் மருந்து அடித்த வயலில் மாலையில் களை எடுப்பவரும் அதே நஞ்சைத்தான் சுவாசிக்கிறார். பாம்புக்கடியும் இடியும் வெயிலும் இயந்திரம் பார்த்து வருவதில்லை. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது. அரசு அறிவிக்கை மூலம் அட்டவணையில் புதிய வேலைகளைச் சேர்க்கச் சட்டத்தில் வழி உண்டு.  இழப்பீட்டுச் சுமை சிறு விவசாயியின் தலையில் மட்டும் விழாதபடி, காப்பீட்டு பிரீமியத்தில் அரசும் பங்கு ஏற்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை:

* யார், எந்த நாள், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.
* டிராக்டர் பாலிசியில் டிரைவருக்கும் காப்பீடு உள்ளதா என்று பாருங்கள்.
* வாடகை இயந்திரம் என்றால், அதன் ஓட்டுநருக்குக் காப்பீடு உண்டா என்று உரிமையாளரிடம் முதலிலேயே கேளுங்கள்.
* மருந்து தெளிப்பவருக்கு கையுறை, முகக்கவசம் கொடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்கள் தங்கள் கூட்டங்களில் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீடு, இ-ஷ்ரம் பதிவு, உழவர் பாதுகாப்புத் திட்டம் ஆகியவற்றில் கூலித் தொழிலாளர்களைச் சேர்க்கலாம். விபத்து நடந்தால் இழப்பீடு கோர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்பதையும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள்.