தீண்டாச்சேரிக்கு ஒரு பலகை

மரபைப் பாதுகாக்கிறதுக்குன்னு அமைப்பு வெச்சிருக்கிற கனவான்களுக்குக் கொஞ்ச காலமா ஒரு கவலை. அவங்க நடத்துற மரபு நடைக்கும் கண்காட்சிக்கும் ஒரே மாதிரி ஆளுங்களே வர்றாங்களாம். எல்லாச் சமூகத்தையும் எப்படி உள்ளே கொண்டு வர்றதுன்னு கூடிப் பேசுறாங்க. கண்டுபிடிச்ச வழி என்ன? தொடக்க விழாவுக்குப் பறையாட்டக் குழுவைக் கூப்பிடுறது. எங்க தஞ்சை வட்டாரத்துல அப்படி ஒரு அமைப்பு எங்க பசங்களைக் கூப்பிட்டுச்சு. அரை மணி நேரம் அடிச்சாங்க. அப்புறம் மேடையில குத்துவிளக்கு ஏத்தினாங்க, பசங்க கீழே ஓரமா நின்னாங்க. திருவிழாவுல அடிச்சிட்டு ஒதுங்கி நின்ன எங்க தாத்தனுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்? தாத்தனுக்கு நெல்லு, பேரனுக்குச் சான்றிதழ்.

எங்களை உங்க மரபுக்குள்ள சேர்த்துக்க நீங்க யாரு? நாங்க ஏற்கெனவே உள்ளேதான் இருக்கோம். கல்லுலயே இருக்கோம். படிக்காமத் தாண்டிப் போறது நீங்க.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்குவோம். 1987இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோயில். அங்கே போனா ராசராசன் குடுத்த நகைகளின் எடை சொல்வாங்க. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடு குடுத்த கதை சொல்வாங்க. அதே கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் வரி நீக்கப்பட்ட நிலங்கள் எவை என்று எழுதியிருக்கிறது. குளம், வாய்க்கால், சுடுகாடு, அதோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி. உழப்பறையர் இருக்கும் சேரி என்றும் வருகிறது. செத்த பிறகும் தனி இடம், பறைச்சுடுகாடு என்றும் வருகிறது. இதை நான் இட்டுக்கட்டவில்லை. ஹுல்ட்ஷ் என்கிற வெள்ளைக்காரர் 1891லேயே தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் அச்சேற்றத் தொடங்கிவிட்டார். நூற்று முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எந்த வழிகாட்டி வாயிலயாவது தீண்டாச்சேரிங்கிற சொல் வந்து நீங்க கேட்டிருக்கீங்களா? உழப்பறையர்னு கல்லே சொல்லுது. உழுதவன் யாருன்னு சொல்ல உங்க நாக்குதான் எழும்பல.

2010இல் கோயிலுக்கு ஆயிரமாவது ஆண்டு விழா எடுத்தார்கள். ஆயிரம் பேர் பரதநாட்டியம் ஆடினார்கள். அந்தக் கல்லில் இருக்கிற சேரிகளுக்கு அந்த விழாவில் என்ன இடம்?

அதே பழைய தஞ்சை மாவட்டத்துலதான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்டுப் போராடின சேரியில், ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கல்வெட்டுல இருக்கிற சேரிக்கும் எரிஞ்ச சேரிக்கும் நடுவுல ஆயிரம் வருசம் நீண்டு கிடக்கு. நெல் யாருக்கு, நிலம் யாருக்கு என்கிற கேள்விதான் இரண்டையும் கட்டிப்போடுகிற கயிறு. வெண்மணி நினைவிடத்தை எழுப்பினது இயக்கத் தோழர்கள். உங்க மரபு நடையோட வழித்தடம் ஏன் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது?

சாதியைக் கிளறாதீங்க, மரபு எல்லாருக்கும் பொதுன்னு உடனே வருவாங்க. பொதுன்னா கணக்கும் பொதுவா இருக்கட்டும். நகையோட எடையைப் படிக்கிற வாய் சேரியோட பேரையும் படிக்கட்டும்.

நம்ம தோழர்கள் சிலர் வேற மாதிரி கேக்குறாங்க. ராசா கட்டின கோயில் நமக்கு எதுக்கு, விட்டுத் தள்ளுங்க என்கிறார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். நம்மை ஒதுக்கி வைத்ததற்கு அவர்களே கல்லில் வெட்டிக் கொடுத்த சாட்சி அது. சாட்சியை எதிரி கையில் விட்டுவிட்டு வழக்கு நடத்த முடியுமா?

ஆகவே மரபு அமைப்புகளுக்கு நான் சொல்றது இதுதான். எங்களைப் பார்வையாளராகக் கூப்பிடாதீர்கள். எந்த இடத்தைக் காக்கிறது, பலகையில என்ன எழுதறதுன்னு முடிவு பண்ற குழுவில் நாற்காலி கொடுங்கள். ஒரு நாற்காலி இல்லை, பாதி. அதில் நடவு நட்ட பெண்களும் உட்காரட்டும். கூலி வேலையை விட்டுட்டு வர்றவங்களுக்கு அன்னன்னைக்குப் பணம் கொடுங்கள். பறையடிக்கிறவனை ஆசிரியனாக அழைத்து, ஆசிரியனுக்குரிய சம்பளம் கொடுங்கள். எங்க ஆயாக்களோட ஒப்பாரியைப் பதிவு பண்ணினா மூலம் எங்ககிட்ட இருக்கட்டும், நகல் உங்களுக்கு. பெரிய கோயில் வாசலில் தீண்டாச்சேரி பற்றி ஒரு பலகை, தமிழில். டீக்கடையிலிருந்து பிடுங்கின இரட்டைக் குவளைக்கு அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி.

இதெல்லாம் கேட்டுக் கிடைக்காது என்பது தெரியும். கோயில் நுழைவும் குளத்துத் தண்ணீரும் கேட்டா கிடைச்சது?

மாணவத் தோழர்களே, கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மை ஒற்றிப் படியெடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் அவங்க மரபு நடைக்குப் போங்க. வழிகாட்டி தாண்டிப் போற வரிகிட்ட நின்னு, சத்தமாப் படிங்க.