ட்ரெபிள் வேணுமா? ஆம்ப்ளிஃபயரை கடைசியா வாங்குங்க

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்க மன்னிக்கணும். நான் பி.காம். ஆனா ட்யூஷன் எடுத்து சேர்த்த 6,500 ரூபாயைக் கோட்டை விட்டவன்ங்கிற முறையில இதைப் பத்திப் பேச எனக்கு உரிமை இருக்கு.

வீட்டுல பழைய ஸ்பீக்கர் ரெண்டு, ரிச்சி தெருவுல வாங்கின அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு. பாட்டுல சலங்கை, ஜால்ரா எல்லாம் போர்வைக்குள்ளேருந்து வர்ற மாதிரியே இருக்கும். "ஆம்ப்ளிஃபயரை மாத்துங்க தம்பி, ட்ரெபிள் பளிச்சுனு கேக்கும்"னார் ஒரு கடைக்காரர். மாத்தினேன். போர்வை அப்படியேதான் இருந்துச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். (இதை முதல்லயே செஞ்சிருக்கணும்.) மனுஷக் காதோட எல்லை சுமாரா 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். ஓரளவு நல்ல ஆம்ப்ளிஃபயர் எதுவா இருந்தாலும் இந்த எல்லை முழுக்க கிட்டத்தட்ட சமமாத்தான் பெருசாக்கும். ஸ்பீக்கர் அப்படி இல்லை. அதுவும் ட்வீட்டர் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி, நேர் எதிர்ல இருக்கிறவனுக்குத்தான் முழுசா வரும்.

என் ஸ்பீக்கர் எங்கே இருந்துச்சு தெரியுமா? பீரோ மேல. அதுக்கு மேல தூசி படாம இருக்க அம்மா போட்ட கெட்டித் துணி வேற. ட்வீட்டர் இத்தனை நாளா ஃபேனுக்குத்தான் பாடியிருக்கு! கீழே இறக்கி, ஸ்டூல்ல காது உயரத்துக்கு வச்சு, என் பக்கம் லேசா திருப்பினேன். சலங்கை வந்துடுச்சு. செலவு பூஜ்யம்.

சந்தேகம் தீரணும்னு தங்கச்சியை விட்டு, சொல்லாம கொள்ளாம ரெண்டு ஆம்ப்ளிஃபயரையும் மாத்தி மாத்தி போடச் சொன்னேன். சத்தம் ரெண்டுலயும் ஒரே அளவு, ஏன்னா கொஞ்சம் கூடுதலா வச்சாலே அதுதான் நல்லா இருக்குனு தோணிடும். பத்து தடவையில அஞ்சு சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்தான்.

அப்போ ஆம்ப்ளிஃபயருக்கு வேலையே இல்லையானு கேப்பீங்க. இருக்கு. சின்ன ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூம்ல அலற விட்டா அலையோட தலை வெட்டுப்பட்டு ட்ரெபிள் கரகரக்கும், ட்வீட்டரே எரிஞ்சும் போகலாம். சில மலிவான கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்ல ஸ்பீக்கர் 4 ஓமா 8 ஓமாங்கிறதைப் பொறுத்து ட்ரெபிள் கூடும், குறையும். அதனால ஸ்பீக்கருக்குப் பொருந்துற ஓம், தேவையான வாட்ஸ், இரைச்சல் இல்லாம இருக்கா, இதைப் பாருங்க போதும். 20 வாட்ஸை 40 ஆக்கினா கிடைக்கிறது வெறும் 3 டெசிபல்தான்.

என் கருத்து இதுதான்: முதல்ல இடத்தை மாத்துங்க, அப்புறம் நல்ல பதிவா தேடுங்க, அப்புறம் ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயர் கடைசி.

எங்க வகுப்புல வாய்ப்புச் செலவுனு ஒண்ணு சொல்லித் தருவாங்க. எனக்கு அது பரீட்சைக்குப் புரியலை. பத்தாவது தடவை ஒயரை மாத்திட்டு, "அண்ணா, அந்தக் காசுல எனக்கு சைக்கிள் வாங்கித் தரேன்னு சொன்னியே"னு தங்கச்சி கேட்டப்போ புரிஞ்சுது.