பேய்க்கதைக்காரரின் ஊர்

ஐம்பது வயதைத் தாண்டிய வாசகரிடம் தமிழில் பேய்க்கதை என்று பேச்செடுத்தால், பி.டி.சாமி பெயர் வராமல் இருக்காது. மணப்பாட்டுக்காரர். பேயும் துப்பறிவாளரும் மாறிமாறி வர, கணக்கு வைக்க முடியாத அளவுக்கு எழுதிக் குவித்தவர். சிற்றிதழ் வாசகருக்கோ மணப்பாடு என்றதும் வண்ணநிலவன்தான். 1977இல் வந்த ‘கடல்புரத்தில்’ வழியாகத்தான் நம்மில் பலர் அந்தக் கரையைப் பார்த்தோம். பிலோமியையும், வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடந்த சண்டையையும் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரை எழுதினோம். அதே ஊர் தந்த இன்னொரு எழுத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டோம்.

பேச்சுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே எடைக்குத்தான் போயின. சாணித்தாளில் அச்சடித்து, நடுவில் இரண்டு பின் அடித்த புத்தகங்கள். அட்டையில் விரித்த கூந்தலோடு ஒரு பெண், பின்னால் ஒரு பங்களா, அதற்கு மேல் நிலா. வாடகை நூலகத்தில் நாலு கை மாறியதும் அட்டை போகும். அடுத்து முதல் பக்கம் போகும். கடைக்காரர் பழுப்புத்தாளில் புது அட்டை போட்டு, கோணி ஊசியால் ஓரத்தைத் தைத்துவிடுவார். வரிகளின் ஓர எழுத்துகள் தையலுக்குள் மறைந்துவிடும். அவற்றை வாசகரே ஊகித்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். கொலைகாரன் பெயரை முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற புண்ணியவான்களும் இருந்தார்கள்.

பொது நூலகங்கள் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. பல்கலைக்கழகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீசைக்கூடக் குப்பை என்று தள்ளாமல் சேர்த்ததால்தான், 1994இல் அவர் பெயரால் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைய முடிந்தது. அந்த மனசு தமிழ்நாட்டில் இன்னும் நாலு பேருக்கு இருந்திருக்கலாம்.

சாமியை இலக்கியப் பீடத்தில் ஏற்றி வைக்கும் உத்தேசம் நமக்கு இல்லை. அவசரமாக எழுதியதில் அவசரம் தெரியத்தான் செய்யும். பாக்கெட் நாவல் என்பது பக்கக் கணக்கு. ஆறு ஃபாரம் என்றால் 96 பக்கம்; கதை 80ஆம் பக்கத்திலேயே முடிந்துபோனால் பேய் இன்னொரு தடவை வந்தே தீர வேண்டும். ஆனால் இந்தக் கெடுபிடிக்குள்ளும் ஒரு தொழில் சுத்தம் உண்டு. வாசகரை அழவைப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. அவர் பாதி அழுகையோடுதான் புத்தகத்தைத் திறக்கிறார். பயப்பட யாரும் அப்படித் தயாராக வருவதில்லை. ‘பேயாவது பிசாசாவது’ என்று சிரித்தபடி உட்கார்ந்தவரை, கொல்லைப்பக்கம் போக டார்ச் லைட்டைத் தேட வைக்க வேண்டும். எந்த வரியில் கதவு திறக்கிறது, திறந்தது யார் என்பதை எத்தனை வரி தள்ளிச் சொல்வது என்ற கணக்கைத் தெரிந்துகொள்ள நம்முடைய சீரிய எழுத்தாளர்கள் சிலர் ஒரு மாதம் பாக்கெட் நாவல் எழுதிப் பார்க்கலாம்.

புதுமைப்பித்தனுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. ‘காஞ்சனை’யை நாம் இலக்கியம் என்று ஒப்புக்கொள்கிறோம். கடைசிவரை அவர் காரணம் சொல்லவில்லை என்பதால் அந்த மதிப்பு. வெகுஜன நாவலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடைசி ஃபாரத்தில் பேய் நிஜமாக இருக்க வேண்டும், அல்லது சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பா வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றதாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்தைக் கண்டுபிடித்தவர் மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன். ‘விடாது கருப்பு’ மனநோய் என்றும் விளக்கம் தருகிறது, கருப்பையும் கைவிடுவதில்லை. தொண்ணூறுகளில் அது ‘மர்மதேசம்’ தொடராக வந்தபோது டி.வி. முன் உட்கார்ந்திருந்த தமிழ்நாட்டுக்கு அந்த இரண்டுமே வேண்டியிருந்தது. அவர் மறைந்தபோது எத்தனை சிற்றிதழ்கள் ஒரு பக்கம் ஒதுக்கின?

இந்த முகச்சுளிப்பு நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. 2003இல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருதுக்காரர்கள் ஸ்டீபன் கிங்குக்கு வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கம் கொடுத்தபோது, விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் கொதித்துப்போய்க் கண்டித்து எழுதினார். ஆனாலும் ப்ளூம் சண்டை போடுவதற்குக் கிங்கின் புத்தகங்கள் எல்லாம் நூலகத்தில் இருந்தன. இங்கே திட்டுவதற்குக்கூடப் பிரதி கிடைப்பதில்லை.

நம்மை உறுத்தும் கேள்வி வேறொன்று. மணப்பாட்டில் பயத்துக்கு என்ன பஞ்சம்? ஊரின் முதல் கதையே புயல் கதைதான். புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டு, உடைந்த பாய்மரத்தில் செய்த சிலுவையை மணல்மேட்டில் நட்டான் என்கிறார்கள். 1542இல் சவேரியார் வந்து தங்கியதாகச் சொல்லும் குகை அந்த மேட்டின் கடலோரச் சரிவில் இருக்கிறது. மேலே 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் காளி வேடம் கட்டியவர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். உள்ளே தள்ளிப் போனால் செம்மண் தேரி, பனை, அய்யனார்.

இத்தனையும் இருந்தும் தமிழ்ப் பேய்க்கதை ஏன் ஜமீன் பங்களாவை விட்டு வெளியே வரவில்லை? ஒரு காரணம் பரம்பரை. ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலேயே ரெய்னால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதினோம். மாளிகையும் சுரங்க வழியும் அப்போதே வந்து சேர்ந்துவிட்டன. இன்னொரு காரணம் கடலிலேயே இருக்கிறது என்று நினைக்கிறோம். பேய்க்கு ஒரு பிணம் வேண்டும், புதைத்த இடம் வேண்டும். கடல் பல சமயம் இரண்டையும் தருவதில்லை. 2017 ஒக்கி புயலில் தொழிலுக்குப் போய்த் திரும்பாத குமரிக்கரை மீனவர்கள் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. செத்தார் என்று சொல்லவே நாக்கு எழாத வீட்டில் ஆவி வந்தது என்று எப்படிக் கதை சொல்வது? அந்தப் பயத்தை எழுத ஜோ டி குருஸ் வர வேண்டியிருந்தது. ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவலில் நடுக்கடலில் மிதந்துகொண்டிருக்கும் மனிதர்களின் பகுதிகளைத் திகில் என்று யாரும் வகைப்படுத்தவில்லை. அவற்றைப் படித்தவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

சாமியின் பேய்கள் மணப்பாட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டன, எதைக் கரையிலேயே விட்டுவிட்டன என்று பார்க்க வேண்டுமானால் புத்தகங்கள் வரிசையாகக் கையில் வேண்டும். பரண்மேல், டிரங்குப் பெட்டியில், பாட்டி தலைமாட்டில் என்று எங்கேயாவது பி.டி.சாமி நாவல் வைத்திருப்பவர்கள் இதழ் முகவரிக்குத் தெரிவியுங்கள். புத்தகமாகத் தர மனமில்லை என்றால் அட்டையோடு எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினாலும் போதும். வெளியீட்டாளர் பெயரும் விலையும் அச்சான பக்கத்தை மறக்காமல் எடுங்கள். காலத்தைக் கணிக்க அதுதான் உதவும். அட்டை இல்லாவிட்டாலும், கடைசிப் பக்கம் கிழிந்திருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம். முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயர் எழுதியிருந்தால் அதை அழிக்க வேண்டாம்.