தகரம் அடித்தால் கட்டடம் முடிந்துவிடாது



கொஞ்சம் நீளமான பதிவு. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள், பழைய மாணவர் சங்கத்தினர், கொட்டாஞ்சேனைப் பக்கம் ஸ்டோர்ஸ் வைத்திருப்பவர்கள், வெள்ளவத்தையில் மொட்டை மாடியில் டியூஷன் வகுப்பு நடத்துபவர்கள் ஒருமுறை கடைசிவரை வாசியுங்கள்.

கொழும்பில் காணி இல்லை. அதனால் மேலேதான் கட்டுகிறோம். வகுப்பறை போதாதா, மொட்டை மாடியில் இரும்பு நட்டு சீட் அடிக்கிறோம். ஜும்ஆவுக்கு இடம் போதாதா, அதேதான். சில கிழமைகளில் வேலை முடிகிறது. பெயர்ப்பலகை திறக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். வந்தவர்கள் போய்விடுவார்கள். அடுத்த நாளிலிருந்து அந்தக் கூரைக்குக் கீழே இருப்பது ஆசிரியர்களாகிய நாங்களும் பிள்ளைகளும்.

ஏழாம், எட்டாம் பாடவேளைகளில் ஒருநாள் வந்து பாருங்கள். பதினொன்றரைக்குப் பிறகு பிள்ளைகள் எழுதுவதை விடக் கொப்பியால் விசிறுவதுதான் அதிகம். பர்தாவோடு இருக்கும் பெண் பிள்ளைகளின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. "தலை இடிக்குது சேர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் படிக்கக் கள்ளம் என்று நினைத்த காலம் எங்களுக்கும் இருந்தது. இப்போது அப்படி நினைப்பதில்லை. எங்களுக்கும் தலை இடிக்கிறது.

ஃபேன் போட்டால் சரி என்பார்கள். போட்டுத்தான் இருக்கிறோம். ஆனால் பிரச்சினை காற்றில் மட்டும் இல்லை. உச்சி வெயிலில் சீட்டின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டலாம். அந்தச் சூட்டை அது கீழே இருக்கும் எங்கள் தலைக்கு நேராக வீசுகிறது, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி. ஃபேன் அந்தச் சூட்டைத் தடுக்காது. மேலே தேங்கிய சூட்டுக் காற்றைக் கீழே இறக்கியும் விடும். ஏப்ரல் 7ஆம் திகதியளவில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வருகிறது, செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடியும். வியர்வையும் லேசில் காயாத கடலோர ஊர் எங்களுடையது. 2024 ஆரம்பத்தில் வெயில் கடுமையானபோது, பிள்ளைகளை வெளியில் விளையாட விட வேண்டாம் என்று கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. நல்ல அறிவுறுத்தல். ஆனால் உள்ளே எடுத்த பிள்ளையை எந்தக் கூரைக்குக் கீழே இருத்துகிறோம் என்பதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

சூடு மட்டுமல்ல. எங்கள் மாணவர் ஒருவரின் வாப்பா கொட்டாஞ்சேனையில் ஸ்டோர்ஸ் வைத்திருக்கிறார். ஒரு பெப்ரவரியில் ரமழானுக்கு இறக்கிய பேரீச்சம்பழப் பெட்டிகள் விடியும்போது நனைந்திருந்தன. "மழையே இல்ல சேர், ஆனா ஒழுகுது" என்றார். ஆணி ஓட்டைகளுக்கு இரண்டு தரம் சிலிக்கன் அடித்தும் நிற்கவில்லை. அது ஒழுக்கு இல்லை. முகில் இல்லாத இரவில் தகரம் வானத்துக்குச் சூட்டை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றை விடக் குளிர்ந்துவிடும். உள்ளே அடைபட்ட ஈரக் காற்று அதில் பட்டால் துளியாகிச் சொட்டும், ஐஸ் தண்ணீர் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல. அந்த ஈரமே உள்ளிருந்து கூரையைத் துருப்பிடிக்கவும் வைக்கும். இதற்கு சிலிக்கன் மருந்தில்லை. ஈரக் காற்று குளிர்ந்த சீட்டில் படாமல் இருக்க வேண்டும்.

"நாங்களும் இப்படித்தானே படித்தோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இல்லை. நீங்கள் அநேகமாக ஓட்டுக்குக் கீழே படித்தீர்கள். ஓடு மெதுவாகச் சூடாகும், இடுக்குகளால் காற்றும் போய்வரும். எங்கள் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். அலை அலையான சீமெந்து சீட்டைப் போட்டு, அதற்கு மேல் பீலி ஓட்டை அடுக்கினார். சீட் மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தாங்கும். நாங்கள் ஓட்டை விட்டு அஸ்பெஸ்டாஸுக்குப் போனோம். அது நுரையீரலுக்குக் கூடாது என்று இப்போது தகரத்துக்கு மாறுகிறோம். மாறியது சரி. ஆனால் ஓடு செய்த வேலையைச் செய்ய வேறொன்றையும் வைக்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. இந்தியாவின் அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழமையை விட 1,300க்கு மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்றே ஒரு செயற்திட்டம் கொண்டுவந்தது. 2017இல் வறியவர்களின் கூரைகளுக்கு வெள்ளை பூசவும் தொடங்கியது. தெலுங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையைக் கொண்டுவந்து, அரசாங்கக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது.

நாங்கள் என்ன செய்யலாம்?

ஏற்கனவே அடித்த கூரை என்றால், முதலில் மேலே வெள்ளை. வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைப் பெயின்ட் கிடைக்கிறது. ஒரு மழைக்காலம் போனால் பாசி பிடிக்கும், வருடத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். குறைந்த செலவில் செய்யக்கூடியது இதுதான்.

அடுத்து, சூடு வெளியேற வழி. கூரையின் உச்சியில் திறப்பும், கீழே காற்று வர இடமும் வேண்டும். நாலு பக்கமும் அடைத்துவிட்டு ஃபேன் வாங்குவதில் பயனில்லை.

புதிதாக அடிப்பதென்றால், சீட்டுக்குக் கீழே இன்சுலேஷன். வேலைக்கு வரும் பாஸிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பளபளக்கும் ஃபொயில் தாளுக்குப் பக்கத்தில் காற்று இடைவெளி விடுகிறீர்களா? சீட்டோடு ஒட்டிக் கிடந்தால் ஃபொயிலால் பெரிய பலன் இல்லை. கிளாஸ்வூல் போட்டால் அதன் கீழ்ப்பக்கத்தையும் பொருத்துகளையும் ஈரம் புகாமல் ஒட்டுகிறீர்களா? நனைந்த கிளாஸ்வூல் தொங்கும், வேலையும் செய்யாது. மூன்றாவது, போடும் பொருள் நெருப்புப் பிடிக்குமா? மலிவு என்று பிள்ளைகளின் தலைக்கு மேல் சும்மா ரிஜிபோம் ஒட்டாதீர்கள். அது எரிந்து உருகிச் சொட்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஏப்ரல் பின்னேர மழையில் தகரத்துக்குக் கீழே டியூஷன் எடுத்தவர்களுக்குத் தெரியும், பாடத்தை நிறுத்திவிட்டு மழை விடும்வரை இருக்க வேண்டியதுதான். இன்சுலேஷன் அந்தச் சத்தத்தையும் குறைக்கும்.

செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். இன்சுலேஷன் ஒருமுறைச் செலவு. இன்சுலேஷன் இல்லாத கூரைக்குக் கீழே ஏசி போட்டால் மாதாமாதம் கரண்ட் பில். 2022க்குப் பிறகு பில் ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். பில்லுக்குப் பயந்து ஏசியைப் பூட்டி வைத்திருக்கும் மண்டபங்களையும் எங்களுக்குத் தெரியும். பத்து வகுப்பறை கட்டக் காசு இருந்தால் எட்டைக் கட்டுவோம். அந்த எட்டிலும் பிள்ளை கடைசிப் பாடவேளை வரை இருந்து படிக்கட்டும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இனிமேல் பள்ளிவாசலோ, பாடசாலையோ, மத்ரஸாவோ சீட் கூரைக்கு நிதி சேர்க்கும்போது எஸ்டிமேட்டில் இன்சுலேஷன் ஒரு வரியாக இருக்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வெட்டும் முதல் வரியாக அது இருக்கக் கூடாது. கொடுப்பவர்களும் அதைக் கேளுங்கள். பெயர்ப்பலகைக்கும் டைல்ஸுக்கும் கொடுக்கும் கை கண்ணுக்குத் தெரியாத கூரைக்கும் கொடுக்கட்டும். வெயில் கடுமையானால் சூடு தணியும்வரை லுஹரைச் சற்றுப் பிற்படுத்தச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. தொழுகையிலேயே மனிதனின் உடம்புக்கு அவ்வளவு இரக்கம் காட்டப்பட்டிருக்க, பிள்ளைகளை ஏன் நாங்கள் தகரத்துக்குக் கீழே வேகவிடுகிறோம்?

உங்கள் மஹல்லாவில் இப்போது ஒரு ஷெட் வேலை நடந்துகொண்டிருந்தால், சீட் ஏற முதல் இந்தப் பதிவை அந்த நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுங்கள். சீட் ஏறின பிறகு செய்தால் செலவும் கூட, வேலையும் கூட.