இளம் குதிரையை நம்பி சம்பளத்தைக் கட்டலாமா?

இரண்டு ஓட்டம் ஜெயித்தால் போதுமா? - ஓர் அலசல்

"தம்பி! பெங்களூர் ரேசிலே புதுக் குட்டி ஒண்ணு வந்திருக்காம். ஓடினது ரெண்டே ஓட்டம். ரெண்டுலயும் ஜெயிப்பு! அடுத்ததுலே கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்னு சொல்றாங்க. நீ பேப்பர்காரன்தானே, என்ன சொல்றே?"

டீக்கடை பெஞ்சில் நிருபரிடம் இப்படிக் கேட்டவர் ஒரு கம்பெனி குமாஸ்தா. சம்பளம் பேங்கில் விழுந்த மறுநாள் அது.

"கட்டாதீங்க அண்ணே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. ஆகவே அவர் வழிக்கே போவோம். குதிரையிலிருந்தே ஆரம்பிப்போம்.

கோர்ட்டு சொன்னது என்ன?

குதிரைப் பந்தயமும் சூதாட்டமே என்று 1974-ல் தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 'இது வெறும் அதிர்ஷ்டம் அல்ல. குதிரையின் ஓட்டம், ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம் இவற்றை எடைபோடும் திறமைதான் இதில் பிரதானம்' என்பது அதன் சாரம்.

சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். பல வருஷம் ஓடிய குதிரைக்குப் பழைய கணக்கு இருக்கிறது. நேற்று வந்த குட்டிக்கு எதை வைத்து எடைபோடுவது? மூன்று குதிரைகளின் கதையைப் பாருங்கள்.

நாலாவதாக வந்த மன்னன்!

1972 ஜூலை 4-ந்தேதி. நியூயார்க்கில் 'செக்ரட்டேரியட்' என்ற இரண்டு வயதுக் குட்டி முதன்முதலாக ஓடியது. நாலாவதாக வந்தது.

பேப்பரில் '4' என்று மட்டும்தான் இருக்கும். நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், புறப்படும்போதே பக்கத்துக் குதிரை இடித்துவிட்டது என்று. இடிபட்டும் விடாமல் முன்னேறி வந்த குட்டி அது. அதே மாதம் அடுத்த ஓட்டத்தில் சுலபமாக ஜெயித்தது. மறு வருஷம், 1973-ல், பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்து உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 வினாடியில் ஓடிய அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

அரை நீள வெற்றி

2010 ஆகஸ்டு 13-ந்தேதி. இங்கிலாந்தில் நியூமார்க்கெட். 'பிராங்கெல்' என்ற குட்டி தன் முதல் ஓட்டத்தில் அரை நீளத்தில் ஜெயித்தது. இதென்ன பிரமாதம் என்று தோன்றும்.

ஆனால் தோற்றது யார்? 'நதானியேல்'. அதற்கும் அதுதான் முதல் ஓட்டம். அந்த நதானியேல் 2011-ல் அஸ்காட்டில் ராஜா ராணி பெயரில் நடக்கும் பெரிய பந்தயத்தையே ஜெயித்தது! பிராங்கெல்லோ இரண்டாவது ஓட்டத்தில் 13 நீளம் தள்ளி ஜெயித்தது. 2012-ல் ஓய்வு பெறும் வரை ஓடியது 14, ஜெயித்தது 14.

எவ்வளவு தூரத்தில் ஜெயித்தது என்பதைவிட, யாரை ஜெயித்தது என்பதுதான் முக்கியம். அதுவும் பல மாதம் கழித்துத்தான் தெரிய வரும்.

கடிகாரம் கைவிட்டது!

மூன்றாவது கதைதான் பரிதாபம். 2006-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் இரண்டு வயதுக் குட்டிகள் ஏலம். ஏலத்துக்கு முன் ஓட்டிக் காட்டியபோது 'கிரீன் மங்கி' என்ற குட்டி ஒரு பர்லாங்கை 9.8 வினாடியில் ஓடியது. ஏலம் எகிறியது. விலை ஒரு கோடியே 60 லட்சம் டாலர்! அன்றைய நம்ம பணத்தில் ஏறத்தாழ 70 கோடி ரூபாய்.

வாங்கியவர்கள் உலகத்தின் பெரிய பெரிய குதிரைக்காரர்கள். பரம்பரை பார்த்தார்கள், கால் பார்த்தார்கள், கடிகாரம் பார்த்தார்கள். குதிரை ஓடியது மூன்றே மூன்று பந்தயம். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. மொத்தப் பரிசுப் பணம் 10,440 டாலர்.

எங்கே ஏமாறுகிறோம்?

இந்தியாவில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1-ந்தேதியே வயது கூடும். ஜனவரியில் பிறந்த குட்டியும் ஏப்ரலில் பிறந்த குட்டியும் ஏட்டில் ஒரே வயது. குட்டிப் பருவத்தில் மூன்று மாத வளர்ச்சி என்பது பெரிய வித்தியாசம். இன்று முந்துவது நாளை பிந்தும்.

1,200 மீட்டரில் பறக்கிற குட்டி 2,400 மீட்டர் டெர்பியில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கலாம். அந்தத் தூரத்தை ஓடிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஜெயிக்க ஜெயிக்க ரேட்டிங் ஏறும். ரேட்டிங் ஏறினால் முதுகில் சுமக்கும் கிலோவும் ஏறும். முதல் இரண்டு ஓட்டத்தில் ஓடிய அதே சுமையோடு மூன்றாவதில் ஓடும் என்று நினைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே, எலும்பு முற்றாத பருவம். முன்னங்கால் எலும்பில் வலி வந்தால் மாதக்கணக்கில் லாயத்தில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டு வெற்றி என்பது 'கவனித்துப் பார்' என்பதற்கு அடையாளம். 'கட்டு' என்பதற்கு அல்ல.

கட்டும்போதே வரி!

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது. அதுவும் ஜெயித்த பணத்துக்கு மட்டும் அல்ல, கட்டுகிற பணத்துக்கே வரி! ஜெயித்தாலும் தோற்றாலும் வரி போனது போனதுதான். எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் இந்தப் பள்ளத்தைத் தாண்டிய பிறகுதான் லாபக் கணக்கே ஆரம்பம். வரிக்குப் பயந்து திருட்டு புக்கியிடம் போனாலோ, ஜெயித்த பணத்தைக் கேட்டுப் போலீசுக்கும் போக முடியாது.

70 கோடி கொடுத்தவனுக்கே குட்டியின் எதிர்காலம் தெரியவில்லை. அவன் கிட்டே போய் பல்லைப் பிடித்துப் பார்த்தவன். நாம் டீக்கடையில் காதால் கேட்டவர்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு குமாஸ்தா அண்ணன் சொன்னார்: "அப்போ ஒரு ஆயிரம் மட்டும் கட்டட்டுமா?"

அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சொல்வது இதுதான். குட்டி ஓடட்டும். ஜெயிக்கட்டும். கைதட்டிப் பார்க்கலாம். ஜாக்கியின் எடையே அதற்குப் போதும். வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் ஸ்கூல் பீசையும் அதன் முதுகில் ஏற்ற வேண்டாம்!