கறி ஊருக்குள், ஆள் சேரியில்

குடல் கழுவ எனக்குத் தெரியாது. சேரியில் பிறந்து, முப்பத்தைந்து வயதாகி, மாட்டுக்கறி அரசியல் பற்றி மேடையேறிக் கவிதையெல்லாம் வாசித்தாயிற்று. ஆனாலும் தெரியாது. இது எனக்கு உறைத்த இடம் சென்னையில் ஒரு ஜப்பானியச் சமையல் வகுப்பு.

வங்கிப் பயிற்சிக்காகத் தஞ்சாவூரிலிருந்து போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடப்பானேன் என்று நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். நாமே கையால் செய்து பழகும் ஒருநாள் வகுப்பு. இசகாயா என்கிற ஜப்பான் குடிக்கடைகளில் மதுவோடு தின்னக் கொடுக்கும் பண்டங்கள். நம்மூர் பாரில் சைடு டிஷ் என்கிறோமே, அதுதான். சொல்லிக்கொடுத்தவர் டோக்கியோவில் அப்படியொரு கடை அடுப்படியில் வேலை பார்த்துத் திரும்பிய தமிழர்.

கோழித் தொடைக்கறியைத் துண்டுபோட்டு, இடையிடையே வெங்காயத்தாள் வைத்து மூங்கில் குச்சியில் கோத்தோம். சோயா சாறு, சர்க்கரை, அரிசியில் செய்த இனிப்பு மது மூன்றையும் சுண்டக் காய்ச்சி, கறியை அதில் முக்கி முக்கிக் கரியடுப்பில் வாட்டினோம். ருசிதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

"வேற என்னண்ணே குச்சியில குத்துவாங்க?" என்று கேட்டேன்.

"ஈரல், இருதயம், குடல், மாட்டு நாக்கு எல்லாம் உண்டு தம்பி. குடலை வேகவச்சு ஒரு கிண்ணம் குடுப்பாங்க பாருங்க, அதுதான் அசல். இங்க செய்ய முடியாது. மாட்டுக்கறி கூடாதுன்னு எடம் குடுத்தவர் மொதல்லயே சொல்லிட்டார்."

செய்முறையை வாயால் மட்டும் சொன்னார். குடலை மாவு போட்டுத் தேய்த்து அலசணும். ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டணும். அப்புறம் இஞ்சி, முள்ளங்கி, மிசோ என்னும் புளித்த சோயா விழுது சேர்த்து மணிக்கணக்கில் வேகவிடணும்.

மாவுக்குப் பதில் சுண்ணாம்பு, மிசோவுக்குப் பதில் மிளகு சீரகம். மற்றபடி எங்கம்மா செய்முறை. காசு கட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வாய்க்கால் கரையில் குடல் அலசும்போது, பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்த்துவிடுவார்களோ என்று தள்ளி நின்றவன் நான். வங்கிச் சாப்பாட்டு மேசையில் பத்து வருஷமாகத் தயிர்சாதம் திறக்கிறவனும் நானே.

ஊர் திரும்பியதும் ஜப்பானைப் பற்றிப் படித்தேன். கொல்லாமை, தீட்டு என்று சொல்லியே அங்கும் மாடறுப்பவரை, தோல் பதனிடுபவரை ஒதுக்கிவைத்தார்கள். நாம் போற்றும் பௌத்தத்துக்கும் அதில் பங்குண்டு. படிக்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது, படித்தாக வேண்டும். 1871இல் சட்டம் இழிபெயரை நீக்கியது. 1872இல் பேரரசரே மாட்டுக்கறி உண்டார். கறிக்குத் தீட்டுப் போயிற்று. ஆளுக்குப் போகவில்லை. 1922இல் அம்மக்கள் கியோத்தோவில் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கம் கட்டிப் போராட வேண்டியிருந்தது. அதற்கும் அரை நூற்றாண்டு கழித்து, 1975இல், புராக்கு எனப்படும் அவர்களது குடியிருப்புகளின் பட்டியல் அச்சாகி நிறுவனங்களுக்கு இரகசியமாக விற்கப்பட்டது அம்பலமானது. வேலைக்கு வருகிறவன் எந்தத் தெருக்காரன் என்று பார்க்கத்தான்.

ஒசாகா பக்கத்துப் புராக்கு மக்கள் மாட்டுக்குடலைக் கொழுப்பு வடியப் பொரித்துச் செய்த பண்டம் அபுராகசு. இன்று அதை நூடுல்ஸில் போட்டு எல்லோரும் உறிஞ்சுகிறார்கள். டோக்கியோ ஷிபவுரா இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கோ இழித்தெழுதிய கடிதங்கள் வந்திருக்கின்றன.

இங்கே கறியே இன்னும் ஊருக்குள் வந்தபாடில்லை. 2019 ஜூலையில் நாகை மாவட்டம் பொரவச்சேரியில், மாட்டுக்கறி சூப் குடிக்கும் படத்தை முகநூலில் போட்ட இளைஞரை அடித்தார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசே நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். ஆனால் ஒருநாள் வரும். பெரிய ஓட்டல்காரன் நம் குடலைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து விலை போடுவான். அன்றைக்கு நாம் எங்கே இருப்போம் தோழர்களே?

பாபாசாகேப் 1927இல் மகாடில் செத்த மாட்டுக்கறியை விடச் சொன்னாரே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், சொன்னார். செத்த மாட்டைத் தூக்கும் இழிதொழிலையும் சேர்த்தே உதறச் சொன்னார். குடல் குழம்பை வீரமாக்க நானும் வரவில்லை. நல்ல கறி வாங்கக் கூலி காணாததால் எங்கள் சட்டிக்கு வந்தது குடல். இந்த நெல் மண்ணில் கூலி உயர்வு கேட்டு நின்றவர்களில்தான் 44 பேரை 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் எரித்தார்கள். அந்தக் கணக்கைச் சொல்லாமல் ருசியை மட்டும் சொன்னால், ஓட்டல்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்று. பண்பாட்டு அரசியல் பேசுகிற நாம் ஆண்கள். குடல் கழுவுகிறவர்கள் நம் பெண்கள். விழாக்களில் கறி தின்று முழங்கிவிட்டுக் கை கழுவிப் போகிறோம். அடுத்த படிப்பு வட்டத்தில் அம்மாக்கள் வாத்தியாராக உட்காரட்டும். நாம் குடல் அலசுவோம். எந்தக் கூலிக்காலத்தில் எந்தப் பண்டம் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவைப்போம். காசு கட்டி ஜப்பான் சமையல் கற்க முடிந்த எனக்கு இது முடியாதா?

போன ஞாயிறு தொடங்கினேன். "சுண்ணாம்பு எவ்வளவும்மா?" என்றேன். "நீயாடா கழுவப்போற?" என்று சிரித்தது அம்மா. நான்கு தண்ணீர் மாற்றியும் வாடை போகவில்லை. ஐந்தாவதை அம்மா ஊற்றியது.

திங்கட்கிழமை டப்பாவில் அதைத்தான் எடுத்துப்போனேன். "என்ன சார், வாசனை தூக்குது?" என்றார் பக்கத்திலிருந்தவர். ஜப்பான் பெயரெதுவும் சொல்லவில்லை. "மாட்டுக்குடல் சார், எங்கம்மாகிட்ட கத்துக்கிட்டேன்" என்றேன். ஒருவர் எழுந்துபோனார். நான் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தேன்.